அம்மா கொட்டிய ‘ம்’

கசெட் நாடா சிக்கினால் பென்சிலை ஓட்டைக்குள் விட்டுச் சுற்றத் தெரிந்த கடைசி ஆட்கள் நாங்கள்தான். மெல்பேர்ணில் என்னோடு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, குளிரில் விறைத்த விரலால் ‘ழ’ எழுதப் பழகிய உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதென்றால் கசெட் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. இருந்த கொஞ்சமும் ஐம்பது வயதோடு போய்விட்டது.

போன மாதம் ஒரு நூலகத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை கூப்பிட்டாள். நான் படித்த பள்ளிக்கூடத்துப் பழைய ஒலிப்பதிவுகளையெல்லாம் அவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். அதில் என் பெயர் எழுதிய கசெட் ஒன்று இருக்கிறதாம். நல்ல மரியாதையான பிள்ளை. “இரண்டு சிக்கல் இருக்கிறது” என்றாள். “ஒன்று, பதிவு முழுக்கப் பின்னால் யாரோ முனகுகிறார்கள். அதை நாங்கள் சுலபமாக எடுத்துவிடலாம். மற்றது, கடைசிப் பத்து நிமிடம் எங்களுக்கு விளங்காத ஒரு மொழியில் இருக்கிறது. அதை வெட்டவா, விடவா?”

முனகுகிறார்களாம்! அது என் அம்மா, பிள்ளை.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது. கோல்ஃபீல்டில் ஒரு மாடிக் குடியிருப்பில், இரண்டு அறை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான். அம்மா சேலைக்கு மேல் அப்பாவின் சுவெட்டரைப் போட்டு, காலுக்குக் கம்பளி மேசும் போட்டுக்கொண்டு குசினியில் நிற்பா. அந்தக் கோலத்தில் என் பள்ளிக்கூடத் தோழிகள் யாரும் கண்டுவிடக் கூடாதே என்று நான் வேண்டாத கடவுள் இல்லை. கூடத்து அலுமாரியில் ஒரு படம் இருந்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு பொடியன், பல் தெரியச் சிரிப்பு. அம்மாவின் தம்பி, எனக்கு மாமா. அவர் எங்கே என்று கேட்டால் அம்மா குசினிக்குள் போய்விடுவா. அப்பா, “அந்தக் கதை வேண்டாம் பிள்ளை” என்பார். என்னிடம் மட்டுமில்லை, அம்மா வாயெடுத்தாலும் அதையேதான் சொல்வார். கதைத்தால் அம்மாவுக்கு நோகும், கதைக்காவிட்டால் ஆறிவிடும் என்பது அவருடைய வைத்தியம்.

பொதுவாகவே அப்பா கேட்கிற ஆள் இல்லை. அம்மா பக்கத்தில் இருந்து எதையாவது சொல்லிக்கொண்டே போவா. அப்பா பேப்பரை விரித்துவிடுவார். “உங்களுக்குச் சொல்லுறதுக்கு நான் சுவருக்குச் சொல்லலாம். சுவர் பேப்பர் படிக்காது” என்பா அம்மா. அப்பா அடுத்த பக்கத்தைத் திருப்புவார்.

அந்த வருடம் பனிக்காலத்தில் எங்கள் வரலாற்று ரீச்சர் ஒரு வேலை தந்தா. வகுப்பில் ஒவ்வொருவரும் உலக யுத்தத்தைக் கண்ட ஒரு முதியவரிடம் போய் அவருடைய கதையைப் பதிந்துகொண்டு வர வேண்டும். முக்கால்வாசிப் பேருக்கு முன்னாள் படைவீரர்கள் கிடைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த கிரேக்கப் பொடியனுக்குக் கிடைத்த தாத்தா, யுத்தம் முழுக்கக் கப்பலில் உருளைக்கிழங்கு உரித்தவர். அவன் கசெட்டில் இரண்டு பக்கமும் உருளைக்கிழங்குதான். எனக்குக் கிடைத்தவ எங்கள் குடியிருப்பிலேயே கீழ்மாடியில் தனியாக இருந்த ஒரு யூத மனுசி. ஹங்கேரியில் பிறந்தவ, முகாமிலிருந்து உயிரோடு மீண்டவ. படியில் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவா. ரீச்சரே நேரில் போய்க் கேட்டும் முதலில் மறுத்து, பிறகு எப்படியோ சம்மதித்திருந்தா. அதுவரை ஒருவருக்கும் சொல்லாத கதை, பெற்ற மகனுக்குக்கூடச் சொன்னதில்லை என்று ரீச்சர் எனக்குச் சொல்லி அனுப்பினா.

ரீச்சருக்குச் சில கடுமையான விதிகள் இருந்தன. பேசுபவரைக் குழப்பக் கூடாது. நாங்கள் சத்தமே போடக் கூடாது, தலையை மட்டும் ஆட்ட வேண்டும். நாடா முடிந்து அதுவாக டக்கென்று நிற்கும்வரை பொத்தானில் கை வைக்கக் கூடாது. பள்ளிக்கூடத்து ரேப் ரெக்கோர்டரையும் தந்தா. கறுப்பு நிறம், செங்கல் கனம், ஒரு கைபிடி, ஒரு சிவப்புப் பொத்தான். ஆளுக்கு ஒரு கசெட்தான்.

“தெரியாத வீட்டுக்குப் பொம்பிளைப் பிள்ளை தனியப் போறதோ?” என்று அம்மா வெளிக்கிட்டா. வெறுங்கையோடு போகலாமா? விடிய எழும்பி உழுந்து வடை சுட்டா. “அம்மா, அது இன்ரர்வியூ, விருந்து இல்லை” என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். “நீ சும்மா இரு. வயசு போன மனுசி, வாய்க்கு ருசியா ஒண்டைக் கண்டு எத்தினை நாளோ.”

அந்த வீட்டு வாசம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. காஸ் ஹீட்டரின் சூடு, கம்பளி, எலுமிச்சம்பழம். மண்ணிற சோபா. மனுசி எங்களுக்குக் கறுப்பாக ஏதோ வைத்துச் சுருட்டின கேக் ஒன்றை வெட்டித் தந்தா. அம்மா ஒரு கடி கடித்துவிட்டுக் கண்ணை விரித்தா. “கசகசா!” என்றா. அவவை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. “அன்ரி எண்டு கூப்பிடு, வேற என்னெண்டு கூப்பிடுறது?” என்றா அம்மா. அந்தச் சொல் அவவுக்குப் பிடித்துவிட்டது.

நான் சிவப்புப் பொத்தானை அமத்தினேன். அன்ரி கையைக் கட்டிக்கொண்டு, பல் பிடுங்க வைத்தியரிடம் போனவமாதிரி இருந்தா. பிறந்த ஊர், அப்பாவின் தொழில், படித்த பள்ளிக்கூடம். சொன்னா, நிறுத்தினா. நான் விதிப்படி தலையை ஆட்டினேன். பெரிய மௌனம். அப்போதுதான் பக்கத்திலிருந்து, “ம்” என்றது அம்மாவின் குரல்.

உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் வீடுகளில் ஒருவர் கதை சொன்னால் மற்றவர் ம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் சொல்பவர் நிறுத்திவிட்டு, “நித்திரையே?” என்று கேட்பார். அம்மாவுக்கு அன்ரியின் ஆங்கிலத்தில் பாதிக்குப் பாதிகூட விளங்கியிராது. ஆனால் வசனம் முடிகிற இடமெல்லாம் அவவுக்குத் தெரிந்தது. சாதாரணமாகச் சொன்னால் குட்டி ‘ம்’. பாரமாகச் சொன்னால் நீண்ட ‘ம்ம்’. நான் காலால் அம்மாவின் காலை மிதித்தேன். அம்மா காலை எடுத்துவிட்டு, அடுத்த ‘ம்’ சொன்னா.

அன்ரி மெல்ல என் பக்கத்திலிருந்து அம்மாவின் பக்கம் திரும்பிவிட்டா. அதற்குப் பிறகு கதை வந்தது. கதவில் தட்டியபோது அவவுடைய தாய் ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டு இருந்தாவாம். பொங்கட்டும் என்று துணி போட்டு மூடிவிட்டு வெளியே வந்தாவாம். “அந்த மா பொங்கியிருக்கும். அந்த வீட்டில் அதைச் சுட ஒருவரும் இருக்கவில்லை” என்றா அன்ரி. அம்மா, “ம்ம்” என்றா. பிறகு ரயில். ஒரு பக்கம் முடிந்து நாடா நின்றபோது கசெட்டைத் திருப்பிப் போட்டேன். பிறகு முகாம். அங்கே அவவும் அவவுடைய அக்காவும் ஒரே பலகையில் படுத்தார்களாம். அக்காவுக்குக் காய்ச்சல் வந்து வேறு கொட்டிலுக்குக் கொண்டுபோனார்களாம். அதோடு சரி. “எந்த நாள் செத்தாள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வழக்கத்தில் செத்த நாளில் ஒரு மெழுகுதிரி கொளுத்த வேண்டும். எந்த நாளில் கொளுத்துவது? அதனால் நான் கொளுத்தியதே இல்லை.”

இந்த முறை அம்மாவிடமிருந்து ‘ம்’ வரவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தா.

கொஞ்சம் பொறுத்து, பால் முடிந்துவிட்டது, மூலைக்கடையில் வாங்கி வருகிறாயா என்று அன்ரி என்னைக் கேட்டா. நாடா ஓடிக்கொண்டு இருந்தது. பொத்தானில் கை வைக்கக் கூடாது என்பது விதியல்லவா, அப்படியே விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது நாடா முடிந்து நின்றிருந்தது. அம்மா சுவெட்டர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இருந்தா. மேசையில், ஒரு கண்ணாடிக் குவளைக்குள், பட்டப்பகலில் ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டு இருந்தது. கரண்ட் போய்விட்டதா என்று கேட்டேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ரீச்சர் முதல் ஐந்து நிமிடத்தைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினா. “யார் இது நடுவில் சத்தம் போடுவது? பதிவு பழுதாகிவிட்டது, செல்லம். வேறு கசெட் இல்லை. இதன் மேலேயே திரும்பப் பதிந்துகொண்டு வா. அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போ.” கெட்ட மனுசி இல்லை. நூறு வருடம் கழித்தும் கேட்கப்போகிற பதிவு, அதில் அந்த அன்ரியின் குரல் மட்டும் துப்புரவாக இருக்க வேண்டும் என்று நினைத்தா. அவ்வளவுதான்.

வீட்டில் இதைச் சொன்னதும் அப்பா பேப்பரைக் கீழே வைத்தார். “நீ என்னத்துக்கு நடுவில பூந்து ம் ம் எண்டனீ? பிள்ளையின்ர படிப்பு விசயமெல்லே?”

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. “ஒரு மனுசி தன்ர தாயைச் சொல்லுறா, தமக்கையைச் சொல்லுறா. கல்லுமாதிரி இருக்கேலுமே? பிறகு அவ ஆருக்குச் சொல்லுறது?” என்றா. சொல்லிவிட்டு, “நான் இனி வரேல்லை. நீ தனியப் போ” என்று குசினிக்குள் போய்விட்டா. அன்றைக்குச் சாப்பாடு தருகிறபோதும் வாய் திறக்கவில்லை. அம்மா கதைக்காத வீடு எப்படியிருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா, “அப்பிடி என்னதான் பழுதாப் போச்சு, தா பாப்பம்” என்று கசெட்டை வாங்கிக்கொண்டு கீழே போனார். ரேப் ரெக்கோர்டர் பள்ளிக்கூடத்தில் இருந்தது, எங்களுக்குக் கசெட் கேட்கிற வசதி எங்கள் பழைய வெள்ளைக் காரில்தான். ஜன்னலால் பார்த்தேன். நிற்கிற காருக்குள் அப்பா இருந்தார். அவர் மூச்சுப் பட்டுக் கண்ணாடியெல்லாம் பனிபோலப் புகார் படிந்துவிட்டது. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திவிட்டேன். அன்றைக்கு ஏன் பிந்தினாய் என்று நீங்கள்கூடக் கேட்டிருப்பீர்கள்.

அப்பா மேலே வந்தார். மேசை இலாச்சியைத் திறந்து ஸ்க்ரூட்ரைவரை எடுத்தார். கசெட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் தகடு இருக்குமே, அந்த இரண்டையும் நெம்பி, டக், டக் என்று உடைத்தார். அம்மா மேலுள்ள கோபத்தில் என் கசெட்டை உடைக்கிறார் என்று நான் குழறி அழுதேன். “அழாத. ஒண்டும் ஆகேல்லை” என்றார். ஸ்க்ரூட்ரைவரை இலாச்சிக்குள் வைத்துவிட்டுப் பேப்பரை எடுத்தார்.

அடுத்த நாள் பின்னேரம் நான் ரேப் ரெக்கோர்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டு தனியாக அன்ரி வீட்டுக்குப் போனேன். கசெட்டைப் போட்டுச் சிவப்புப் பொத்தானை அமத்தினால் அது இறங்க மாட்டேன் என்கிறது. இரண்டு கையாலும் அமத்தினேன். அன்ரி கசெட்டை வெளியே எடுத்துப் பார்த்தா. “இதை யாரோ உடைத்திருக்கிறார்கள். இதன் மேல் இனிப் பதிய முடியாது” என்றா. “நல்லது. நான் ஒரு தடவைதான் சொல்வேன். உன் அம்மா எங்கே?”

ரீச்சர் சொன்னதைச் சொன்னேன். அன்ரிக்கு வந்ததே கோபம்! கோட்டைக்கூடச் சரியாகப் போடாமல், சுவரைப் பிடித்துப் பிடித்து எங்கள் மாடிக்கு ஏறிவிட்டா. அம்மா கதவைத் திறந்துவிட்டு, மாக் கையோடு நின்றா. “நான் அந்தப் பெட்டிக்கா சொன்னேன்?” என்று அன்ரி ஆங்கிலத்தில் கேட்டா. “நான் உங்களுக்குச் சொன்னேன்.” அம்மாவுக்கு அது முழுக்க விளங்கியது. என்னை மொழிபெயர்க்க விடவில்லை. “இருங்கோ அன்ரி, தேத்தண்ணி போடுறன்” என்றா.

பிறகென்ன. பள்ளிக்கூட நூலகத்தில் எல்லாக் கசெட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் காட்டிய நாளில், ரீச்சரின் பட்டியலில் என்னுடையது இல்லை. அன்ரி முன்வரிசையில் அம்மாவின் பக்கத்தில் இருந்துகொண்டு கையை உயர்த்தினா. “என்னுடையதைப் போடுங்கள். உள்ளது உள்ளபடி போடுங்கள்.” ரீச்சருக்கு மறுக்க முடியவில்லை. கொப்பரைபோல் ஒரு ஒலிபெருக்கி. அதில் அம்மாவின் முதல் ‘ம்’ கேட்டபோது எனக்கு மேசைக்குக் கீழே புகுந்துவிடலாம்போல் இருந்தது. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. மா பொங்கிய இடம் வந்தபோது, அந்தக் கிரேக்கப் பொடியனின் தாய், கறுப்பு உடுப்புப் போட்ட மனுசி, தன்பாட்டில் தானும் ‘ம்’ என்றா. ரீச்சர் கசெட்டைத் திருப்பித் தரவில்லை, நூலகத்தில் வைத்துக்கொண்டா. முடிவுவரைக்கும் அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை, நேரம் இல்லை. அம்மாவின் ‘ம்’மைத் திரும்பக் கேட்க எனக்குக் கூச்சம். அதனால் நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும், பதிவு செய்த அந்த நாள் வந்தால் அம்மா வடை சுடுவா. அப்பா காரை எடுத்துக்கொண்டு போய்ப் பூ வாங்கி வருவார். அம்மா எங்கள் வீட்டுக் குத்துவிளக்கைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு கீழே அன்ரி வீட்டுக்குப் போவா. மெழுகுதிரியும் விளக்கும் பக்கத்தில் பக்கத்தில் எரியும். கசகசாக் கேக்கும் இருக்கும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என்னுடைய ப்ரொஜெக்ட்டின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறார்கள் என்று! அந்த எண்ணத்தில் கேக்கில் பெரிய துண்டை நானே எடுத்துக்கொள்வேன். அன்ரி போன பிறகு அம்மா இரண்டையும் எங்கள் வீட்டிலேயே கொளுத்தினா. அம்மா போய் இப்போது மூன்று வருடம்.

இனி நூலகத்துப் பிள்ளையிடம் வருகிறேன். அவள் அந்த ஒலிப்பதிவை எனக்கு அனுப்பினாள். வெரிபீயிலிருந்து நகரத்துக்கு வேலைக்குப் போகிற ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். அம்மாவின் குரல் எங்களிடம் வேறு எதிலும் இல்லை. என் கலியாண வீடியோவில்கூட அம்மா வாயைத் திறக்கிற இடமெல்லாம் மேளம்தான். இங்கே ‘ம்’, ‘ம்ம்’ என்று அவவே உயிரோடு பக்கத்தில் இருக்கிறமாதிரி. மெழுகுதிரிக் கதை முடிந்தது. என் காலடிச் சத்தம், கதவுச் சத்தம். நான் பால் வாங்கப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் ஹீட்டரின் இரைச்சல் மட்டும். பிறகு அம்மா தமிழில் தொடங்கினா.

“எனக்கும் அப்பிடித்தான் அன்ரி. என்ர தம்பி. சைக்கிளில போனவன்.”

“ம்” என்றது ஒரு குரல். அது அன்ரி.

“சந்தையடியில ஆமி பிடிச்சதெண்டு ஒராள் சொன்னது. இல்லை, பஸ்ஸில ஏறினதைக் கண்டனான் எண்டு இன்னொராள். போன நாள் தெரியும். செத்த நாள் தெரியாது. செத்தவனோ எண்டும் தெரியாது. பிறகு என்னெண்டு திவசம் செய்யிறது, எந்த நாளில விளக்குக் கொளுத்திறது?”

“ம்ம்.”

“இவரோட கதைக்கேலாது. அந்தக் கதை வேண்டாமெண்டுவார். நல்ல மனுசன் அன்ரி, ஒரு குறை சொல்லேலாது. ஆனா கேக்கமாட்டார்.”

“ம்.”

தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாத மனுசி, அம்மாவிடம் அந்த ஒரு மணித்தியாலத்தில் பழகினதை வைத்துக்கொண்டு, வசனம் முடிகிற இடமெல்லாம் பார்த்து ம் கொட்டுகிறா. அம்மா மாமா குடித்த தேத்தண்ணிக்கு எத்தனை சீனி என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொல்கிறா. கடைசியில் தன்னுடைய உடைந்த ஆங்கிலத்தில், “என் தம்பியும். நாள், தெரியாது” என்கிறா. அன்ரி எழும்பி இலாச்சி ஒன்றைத் திறக்கிற சத்தம் கேட்கிறது. பிறகு, “அப்படியென்றால் இன்றைக்கு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கும்” என்கிறா. தீக்குச்சி உரசுகிற சத்தம். டக். நாடா முடிந்தது.

இறங்க வேண்டிய ஸ்ரேசனை விட்டுவிட்டேன். அடுத்த ஸ்ரேசனில் இறங்கி, பெஞ்சில் இருந்து, மனசாற அழுதேன். நூலகத்துப் பிள்ளைக்கு அங்கேயே இருந்து பதில் சொன்னேன். ஒரு ‘ம்’கூட எடுக்க வேண்டாம், ஒரு நிமிடம்கூட வெட்ட வேண்டாம்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். அப்பா இப்போது என்னோடுதான். எண்பது தாண்டிவிட்டது, காது மந்தம். பேப்பர் மட்டும் விடவில்லை. எதிரில் இருந்து, “அப்பா, அந்தக் கசெட்டை ஏன் உடைச்சனீங்கள்?” என்று உரத்துக் கேட்டேன். எந்தக் கசெட் என்று அவர் கேட்கவில்லை.

“உடைக்காட்டி நீ அதுக்கு மேல பதிஞ்சிருப்பாய்.”

“கேட்டனீங்கள் எண்டு அம்மாவுக்குச் சொன்னனீங்களோ?”

“எப்பிடிச் சொல்லுறது? அவ எனக்குச் சொல்லேல்லையே. அவ அந்த மனுசிக்கெல்லே சொன்னவ.” பேப்பரை மடித்தார். “அதுக்குப் பிறகு நான் அந்தக் கதை வேண்டாமெண்டு ஒருநாளும் சொன்னதில்லை. அவ சொல்லுவா, கேப்பம் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அவவும் சொல்லேல்லை.”

இவ்வளவு காலமும் கோபத்தில் உடைத்தவர் என்று நான் நினைத்திருந்த மனுசன்! ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் வாசலில் நின்று, பூவை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, கீழே போகிற படிவரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பார். கூப்பிடுவா என்றுதான் நின்றிருக்கிறார்.

என் ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, கடைசிப் பத்து நிமிடத்தைப் போட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், “இன்னொருக்காப் போடு” என்றார். போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனேன்.

காது மந்தம், அதற்கு மேல் ஹெட்போன் வேறு. எவ்வளவு உரத்துச் சொல்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அம்மா சொல்வது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் எந்த இடத்தில் வசனம் முடிகிறது என்பது குசினிவரைக்கும் கேட்டது.

“ம்” என்றார் அப்பா. கொஞ்சம் பொறுத்து, “ம்ம்.”